எள் காய்ந்த கப்பல்

எங்கள் களத்தில் ஒரு கப்பல் நின்றது. நான் கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் ஆலங்குடியில் பஸ் இறங்கி யாரையாவது கேட்டுப் பார்க்கலாம். எங்கள் ஊரிலிருந்து கடலுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். ஊரில் இருப்பது தென்னை, முந்திரி, போர் மோட்டார், புழுதி. மழைக்கு நிறைந்து மாசிக்குள் வற்றிவிடும் ஒரு குளம் உண்டு. அதில் எருமை மிதக்கும். வேறு எதுவும் மிதந்து நான் பார்த்ததில்லை.

கப்பல் என்று சொன்னால் என் வீட்டுக்காரருக்குப் பிடிக்காது. யாட் என்று சொல்ல வேண்டும். பணக்காரர்கள் சும்மா சுற்றி வருவதற்கு வைத்திருக்கும் மோட்டார் படகுக்கு அதுதான் பெயராம். வளைகுடாவில் அவர் வேலை பார்த்தது அப்படி ஒன்றில். ஊரில் எல்லோரும் அவரைக் கப்பல் கேப்டன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவரும் மறுத்ததில்லை. அங்கே அவர் செய்த வேலை துடைப்பது. கண்ணாடியைத் துடைப்பது, பித்தளைக் கம்பியைத் துடைப்பது, முதலாளி நடந்துபோன இடத்தைத் துடைப்பது. நன்றாகத்தான் துடைத்திருக்கிறார், அதில் நான் குறை சொல்லவில்லை. ஆனால் பஸ் கழுவுகிறவர் பஸ் கட்டக் கிளம்பலாமா?

வேலையை விட்டு ஊருக்கு வந்த பிறகு கோட்டைப்பட்டினம் கடற்கரைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனார். அங்கே மூடிக்கிடந்த ஒரு ஓய்வு விடுதிக்குப் பின்னால் பழைய யாட் ஒன்று சாய்ந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறார். மொய் எழுதிவிட்டு வர வேண்டிய மனிதர் கப்பலைப் பேசி முடித்துவிட்டு வந்தார். மரக் கப்பல், முழுக்கத் தேக்கு, இந்த மாதிரி இனிமேல் யாரும் கட்டமாட்டார்கள் என்றார். ஏன் கட்டமாட்டார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. ரிப்பேர் பார்த்து, கடலில் இறக்கி, டூரிஸ்டுகளை ஏற்றிச் சுற்றிக்காட்டப் போகிறாராம். அங்கே எந்த டூரிஸ்ட் வருகிறான் என்று கேட்டேன். யாட் இல்லாததால்தான் வரவில்லை என்றார்.

அந்தக் கடற்கரையிலேயே வைத்து ரிப்பேர் பார்க்க வேண்டியதுதானே என்றும் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"அங்கிட்டு வச்சா ஆணி ஆணியாக் கழட்டிட்டுப் போயிருவாங்க. நம்ம களம் சும்மாதானே கெடக்கு."

களம் சும்மா கிடக்கவில்லை. களம் எப்போதும் சும்மா கிடப்பது போலத்தான் தெரியும். சோற்றுப் பானையும் சமைக்காத நேரத்தில் சும்மாதான் கிடக்கிறது.

எங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்காரருடைய அண்ணன் வீட்டுக்கும் நடுவில் இருக்கிறது அந்தக் களம். என் மாமனார் போட்ட சிமெண்ட் களம். வயலைப் பிரித்தார்கள், வீட்டைப் பிரித்தார்கள், களத்தை மட்டும் பிரிக்கவில்லை. முறை வைத்துக்கொண்டு புழங்க வேண்டும் என்பது மாமனார் வைத்த சட்டம். அவர் போய்விட்டார், சட்டம் போகவில்லை. சித்திரை முடிவில் முதல் முறை எனக்கு. அடுத்த முறை என் ஓரகத்திக்கு, அதாவது அண்ணன் சம்சாரத்துக்கு. உங்கள் முறையில் நீங்கள் காயவைக்காவிட்டால் போனது போனதுதான். அந்த விஷயத்தில் என் ஓரகத்தி கோர்ட்டை விடக் கறார்.

அந்த வருஷம் தையில் நான் எள் விதைத்திருந்தேன். நான் என்றால் நான்தான். உழவுக்கு டிராக்டர் பிடித்தது, விதைத்தது, களை எடுத்தது எல்லாம் நான். அவர் கப்பலுக்கு லாரி பேசிக்கொண்டிருந்தார். எள்ளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அது யாருக்காகவும் காத்திருக்காது. நாலு நாள் தாமதமாக அறுத்தால் காய் வெடித்து எல்லாம் வயலிலேயே கொட்டிவிடும். அறுத்த பிறகு சில நாள் அடுக்கி மூடி வைத்து, அப்புறம் சுத்தமான தரையில் வெயிலில் விரித்து, காய் வாய் திறந்ததும் தலைகீழாகப் பிடித்துத் தட்ட வேண்டும். மண் தரையில் செய்ய முடியாது. எள்ளில் மண் கலந்தால் பிரித்தெடுக்க இன்னொரு பிறவி எடுக்க வேண்டும். தார் ரோட்டில் நெல் காயவைப்பார்கள், எள் வைத்தால் பஸ் போகிற காற்றிலேயே பாதி பறந்துவிடும். களம் இல்லையென்றால் எள் இல்லை. அவ்வளவுதான்.

அதனால் லாரி வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். எள் அறுத்து விரிக்கிற அன்றைக்கு எனக்குக் களம் வேண்டும்.

"அன்னைக்குக் கப்பல் கடல்ல நிக்கும்" என்றார்.

"நிக்கலேன்னா?"

"நிக்கலேன்னா நீ சொல்றபடி கேக்குறேன். போதுமா?"

அதைச் சொல்லும்போது என் ஓரகத்தி அவர்கள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்தது என்றால் பத்திரம் பதிந்த மாதிரி.

தை கடைசியில் நீளமான ட்ரெய்லர் லாரியில் கப்பல் வந்தது. ஒரு டவுன் பஸ் நீளம் இருக்கும். தெருவில் தாழ்வாகத் தொங்கிய கரண்டு ஒயர்களை மூங்கில் கழியால் தூக்கிப் பிடித்து ஊரே ஊர்வலம் மாதிரி கூட வந்தது. லாரிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். அது லாரிக்கு. கப்பலுக்கு என்ன செய்வது என்று பிரச்சினை வந்தது. புது வண்டி வந்தால் அதன் சக்கரத்தில் பழம் நசுங்க வேண்டும், கப்பலுக்குச் சக்கரம் கிடையாது. எங்கள் பூசாரி இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, கிரேன் இறக்கும்போது அடியில் வைத்துவிடலாம், கப்பலே நசுக்கட்டும் என்றார். வைத்தார்கள். பனந்துண்டு அடுக்கி வைத்ததன் மேல் கப்பல் இறங்கியது. பழம் இரண்டு துண்டுக்கு நடுவில் உருண்டுபோய் முழுசாக உட்கார்ந்திருந்தது. என் வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் என் ஓரகத்தி அந்தப் பழத்தை எடுத்து ரசத்தில் பிழிந்துவிட்டாள்.

மாசி முழுக்க இன்ஜின் வேலை. கப்பல் மெக்கானிக் எங்கள் பக்கம் ஏது? டிராக்டர் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், வாய் ஓயாது. அவர் இன்ஜின் மூடியைத் திறந்து வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ரேடியேட்டரைக் காணோம், எவனோ திருடிவிட்டான் என்றார். என் வீட்டுக்காரர் கொதித்துப்போனார். அந்த விடுதிக்காரனுக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் சண்டை. அவன் பாவம், ரேடியேட்டர் என்ற ஒன்று அதில் இருந்ததே தெரியாது என்று சத்தியம் செய்தான். புதுக்கோட்டை பழைய இரும்புக் கடையில் டிராக்டர் ரேடியேட்டர் ஒன்று வாங்கிவந்து, இரும்புச் சட்டம் வைத்து மாட்டினார்கள். படுக்கை போட்டிருந்த அறையின் நடுவில் ரேடியேட்டர். கப்பல் இன்ஜினுக்குக் கடல் தண்ணீரை இழுத்துத்தான் குளிர வைப்பார்களாம், ரேடியேட்டரே கிடையாதாம். அது பிறகுதான் தெரிந்தது. பதினோரு வருஷம் ஒரு யாட்டைத் துடைத்தவருக்கு இது தெரியவில்லை. இன்ஜின் ரூமை அவர் துடைத்ததில்லையாம்.

ஆனாலும் இன்ஜின் ஓடியது, அதைச் சொல்லியாக வேண்டும். ஓடிய அன்று வந்த புகையில் எங்கள் கோழிகள் எல்லாம் காணாமல் போய் சாயங்காலம் பக்கத்துக் கொல்லையில் கிடைத்தன.

அவருக்குத் தெரிந்த வேலையை மட்டும் அவர் விடாமல் செய்தார். காலையில் எழுந்ததும் பித்தளைக் கம்பிகளைத் துடைப்பது. நம் வீட்டில் பித்தளை துலக்கப் புளிதானே? ஒரு வருஷத்துப் புளியை ஒரே மாதத்தில் தேய்த்துத் தீர்த்தார். நாங்கள் தக்காளிக் குழம்பு சாப்பிட்டோம். கப்பல் கம்பி சாமி விளக்கு மாதிரி மின்னியது.

கப்பலுக்குள் ஒரு கக்கூஸ் இருந்தது. கோழிக் கூண்டை விடச் சின்னது. பக்கத்தில் ஒரு கைப்பிடி, அதை ஆட்டினால் தண்ணீர் வந்து எல்லாவற்றையும் வெளியே தள்ளும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்டார்கள். வேலை செய்கிறதா என்று ஒருநாள் விடியற்காலையில் ஒரு வாளித் தண்ணீரோடு ஏறி அவரே சோதித்துப் பார்த்தார். வேலை செய்தது. கடலில் நின்றால் அது கடலோடு போகும். களத்தில் நின்றால் எங்கே போகும் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். நான் கோலம் போட வாளியோடு வெளியே வந்தவள். அன்று கோலம் போடவில்லை. விளக்குமாற்றை அவர் கையில் கொடுத்து, இதையும் துடையுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பங்குனி போனது. எள் பூத்துக் காய் பிடித்தது. கப்பல் அசையவில்லை. வெயிலில் நின்று நின்று பலகை காய்ந்து சந்து சந்தாக விட்டுக்கொண்டது. உள்ளே உட்கார்ந்தால் வெளியே போகிற மாட்டைப் பார்க்கலாம். என் ஓரகத்தி தினமும் ஒரு தடவை அதைச் சுற்றி வந்து, "எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குங்க கொழுந்தனாரே காயுது?" என்று கேட்பாள். அவர் கம்பியைத் துடைப்பார்.

சித்திரையில் கடலில் மீன்பிடித் தடைக்காலம் வந்ததும் கோட்டைப்பட்டினத்திலிருந்து படகு வேலை செய்யும் பாய் ஒருவர் வந்தார். தடைக்காலத்தில்தான் அவர்களுக்கு ரிப்பேர் வேலை, அதில் நாலு நாள் எங்களுக்கு ஒதுக்கினார். வந்தவர் முதலில் ரேடியேட்டரைப் பார்த்தார். பார்த்துவிட்டு வெளியே போய்த் தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் வந்து, "தம்பி, கடல்ல எறங்குற வண்டிக்குத் தண்ணிப் பஞ்சமா?" என்று கேட்டார். டிராக்டர் மெக்கானிக் அன்றிலிருந்து பாய் இருக்கும் பக்கம் வரவில்லை.

பாய் பலகைச் சந்துகளில் எண்ணெயில் ஊறிய பஞ்சைத் திணித்து, குங்கிலியம் காய்ச்சிப் பூசினார். கிளம்பும்போது அவர் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது, கடலில் இறக்கியதும் கொஞ்சம் ஒழுகும், இரண்டு நாளில் தண்ணீர் குடித்து உப்பி அடைத்துக்கொள்ளும், பயப்பட வேண்டாம் என்றார்.

என் வீட்டுக்காரர் காதில் ஒழுகும் என்பது மட்டும் விழுந்தது. கடற்கரையில் அத்தனை பேர் பார்க்க, கேப்டன் கொண்டுவந்த கப்பல் ஒழுகினால் என்ன மரியாதை? இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தார்.

இதற்குள் எள் பழுத்துவிட்டது. ஆள் வைத்து அறுத்தேன். கட்டுக் கட்டாகக் கட்டி, கப்பல் போக மிச்சமிருந்த களத்து ஓரத்தில் செங்கல் பரப்பி அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடினேன். இலை உதிர நாலைந்து நாள் அப்படி இருக்க வேண்டும், பிறகு விரிக்க வேண்டும். ட்ரெய்லர் வெள்ளிக்கிழமை வருகிறது, சரியாக உன் எள் விரிக்கிற நேரத்துக்குக் களம் காலி என்றார் அவர். நானும் அரை மனதாக நம்பினேன்.

புதன்கிழமை காலையில் த்ரீ பேஸ் கரண்ட் வந்தது. அவர் போர் மோட்டாரிலிருந்து ஓஸை இழுத்துக்கொண்டு கப்பலில் ஏறினார்.

எங்கள் ஊரில் புதிதாகத் தொட்டி கட்டினால் என்ன செய்வார்கள்? தண்ணீர் நிரப்பி வைத்துப் பார்ப்பார்கள். எங்கே கசிகிறதோ அங்கே அடைப்பார்கள். மேல்நிலைத் தொட்டிக்கும் அதுதான், மாட்டுத் தொட்டிக்கும் அதுதான். கப்பலுக்கும் அதுதான் என்று அவர் முடிவு செய்துவிட்டார். தண்ணீர் வெளியே இருந்தால் என்ன, உள்ளே இருந்தால் என்ன, ஓட்டை ஓட்டைதானே என்றார். சரியாகத்தான் பட்டது. எனக்கும் பட்டது, என் ஓரகத்திக்கும் பட்டது, வேடிக்கை பார்க்க வந்த அத்தனை பேருக்கும் பட்டது. தொட்டி கட்டித் தொட்டி நிரப்பியே பழகிய ஊரில் ஒருத்தருக்கும் இது தலைகீழ் என்று தோன்றவில்லை.

தண்ணீர் ஏறியது. கசிந்த இடத்தில் எல்லாம் நான் சுண்ணாம்பால் புள்ளி வைத்தேன். பாய் நன்றாகத்தான் வேலை செய்திருந்தார், சில இடத்தில்தான் கசிந்தது. பாதி நிறைந்ததும் அந்தக் கசிவும் குறைய ஆரம்பித்தது. மரம் குடிக்கிறது, மரம் குடிக்கிறது என்று அவர் உள்ளேயிருந்து கத்தினார். இடுப்பளவு தண்ணீரில் மெத்தை மிதக்க, அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் எங்கள் கல்யாணத்தன்று கூடப் பார்க்கவில்லை.

அப்போது கீழே ஒரு சத்தம் கேட்டது. பெரிய பூசணிக்காயை உடைத்த மாதிரி.

ஒரு டவுன் பஸ் நிறையத் தண்ணீர் இருந்தால் என்ன கனம் இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. பனந்துண்டு சிமெண்டை உடைத்துக்கொண்டு கீழே இறங்கியது. கப்பல் மெதுவாக, அவசரமே இல்லாமல், தென்னை மரத்தின் மேல் சாய்ந்தது. பாய் அடைத்த சந்து எதுவும் விடவில்லை. ஆனால் பின்பக்கக் கதவு திறந்துகொண்டது. குளத்து மடையைத் திறந்த மாதிரி தண்ணீர் கொட்டியது. தண்ணீரோடு மெத்தை வந்தது. மெத்தை மேல் என் வீட்டுக்காரர் வந்தார். களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் போய், என் ஓரகத்தியின் துவைக்கிற கல்லில் முட்டி நின்றார். அந்தக் கப்பலில் அவர் செய்த முதல் பயணம் அது.

அவரைத் தூக்க யாரும் போகவில்லை. நான் போனது எள்ளிடம். செங்கல்லைத் தாண்டித் தண்ணீர் தார்ப்பாய்க்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. அடி வரிசைக் கட்டுகள் நனைந்துவிட்டன. மேல் வரிசை இன்னும் நனையவில்லை. வாய்க்கு வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினேன். என் வீட்டுக்காரரை, கப்பலை, அதைக் கட்டியவனை, தேக்கு மரத்தை.

என் ஓரகத்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தாள். நேராக அவரைப் பார்த்து, "எள்ளும் தண்ணியும் ஒண்ணாக் கலந்தாச்சு. யாருக்குத் திதி கொடுக்குறீங்க கொழுந்தனாரே?" என்றாள்.

அவர் மெத்தையை விட்டு எழுந்திருக்கவில்லை.

சொல்லிவிட்டு அவள் நிற்கவில்லை. தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டுக் கட்டைத் தூக்க ஆரம்பித்தாள். அவளுக்கு என் மேல் பாசம் கிடையாது. ஆனால் எள் நனைவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தூக்கியாயிற்று, எங்கே வைப்பது? களம் முழுக்கச் சேறு. இரண்டு வீடும் ஓட்டு வீடு, மொட்டை மாடி கிடையாது. வீட்டுக்குள் போட்டால் வெயில் படாமல் பூஞ்சை பிடிக்கும். அவள் அண்ணாந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். சுற்றிலும் காய்ந்து கிடந்த ஒரே இடம் கப்பலின் மேல்தட்டு.

ஏணியை வைத்து நான் ஏறினேன். அவள் கீழேயிருந்து கொடுத்தாள், நான் வாங்கி அடுக்கினேன். நனைந்த கட்டுகளைத் தனியாக, காய்ந்ததைத் தனியாக. சாய்வாக இருந்ததால் கால் வழுக்கியது. மத்தியானத்துக்குள் டிராக்டர் மெக்கானிக் வந்து ஜாக்கி வைத்துக் கப்பலை நிமிர்த்தினார். தண்ணீர் ஏறிய இன்ஜினையும் இரண்டு நாளில் பிரித்துக் காயவைத்து மாட்டிவிட்டார். பாய் போய்விட்டதால் அவருக்குத் தைரியம் வந்திருந்தது.

அந்த மேல்தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் தோசைக்கல் மாதிரி காயும். சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்கு விளிம்பு, எள் ஒன்று கூட வெளியே போகாது. கடல் தண்ணீர் வடிய ஓரத்தில் ஓட்டைகள் இருந்தன, அவற்றைப் பழைய சேலைத் துணியால் அடைத்தேன். ஆடு ஏறாது, கோழி ஏறாது, புழுதி வராது. நனைந்த கட்டுகள் இரண்டு நாளில் மொறுமொறுவென்று ஆயின. காய் எல்லாம் வாய் திறந்து நின்றது. தலைகீழாகப் பிடித்துத் தட்டினால் மழை மாதிரி கொட்டியது. தூற்றுவதற்கு அந்த உயரத்தில் வருகிற காற்றைப் போல் களத்தில் என்றைக்கும் வந்ததில்லை. முறத்தைச் சாய்த்தால் போதும், தூசு தானாகவே தெருவுக்குப் போய்விடும். இத்தனை வருஷத்தில் அவ்வளவு சுத்தமான எள்ளை நான் எடுத்ததில்லை. அதனால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை ட்ரெய்லர் வந்துவிட்டது. எள் பாதிதான் தட்டியிருந்தேன், மீதி காய வேண்டும். அவர் கீழே நின்று அதை எல்லாம் இறக்கு என்றார். நான் இறங்கவில்லை. கப்பல் ஓட்டுகிற நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"எங்க எறக்குறது? சேத்துலயா?" என்று கேட்டேன். "எள்ளு விரிக்கிற அன்னைக்கு இது கடல்ல நிக்கும்னீங்க. நிக்கலேன்னா நான் சொல்றபடி கேக்குறேன்னீங்க. நான் சொல்றேன். கடைசி எள்ளு விழுற வரைக்கும் கப்பல் நகராது."

"இத்தனை நாளும் எடு எடுன்னு உயிரை வாங்கினவ நீதானே?"

"இப்ப வையின்னு வாங்குறேன். குடுங்க."

அவர் என் ஓரகத்தியைப் பார்த்தார், சாட்சி தப்பாகச் சொல்லாதா என்று. அவள், "நான் கேட்டேன், நீங்க சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். ட்ரெய்லர் ஓட்டி வந்தவர் டீ குடித்துவிட்டு, இப்படி ஒரு ஊரைப் பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டே காலி வண்டியோடு போனார்.

ஒரு வாரத்தில் என் எள் முடிந்தது. மூட்டை கட்டி வீட்டுக்குள் வைத்தேன். அப்பாடா என்று அவர் மறுபடி ட்ரெய்லருக்குப் போன் போடப் போனார். என் ஓரகத்தி தன் எள் கட்டோடு வந்து நின்றாள். இப்போது அவள் முறை.

களத்தில் முறை என்றால் களத்துக்கு மட்டும்தான் முறை, கப்பல் என் சொந்தச் சொத்து என்றார் அவர். களத்தில் எது நிற்கிறதோ அதற்கும் முறை உண்டு என்றாள் அவள். களத்தை உடைத்தது யார் என்றும் கேட்டாள். அவர் அண்ணன் வெளியே வந்து, இந்த விஷயத்தில் தலையிட மாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கோட்டைப்பட்டினத்திலிருந்து பாய் போன் மேல் போன். தடைக்காலம் முடிந்தால் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் இறங்கும், கரையில் இடம் கிடைக்காது, சீக்கிரம் கொண்டு வாருங்கள் என்று. எள் காய்கிறது பாய் என்று இவர் சொன்னதைப் பாய் நம்பவில்லை.

அந்த நாட்களில் அவர் என்ன செய்தார் தெரியுமா? ஏணிக்கு அடியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, மேலே போகிறவர்கள் எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொன்னார். கால் துடைக்க ஒரு சாக்கு போட்டார். சாயங்காலம் எல்லோரும் இறங்கியதும் மேலே போய்த் துடைத்தார். விளிம்பில் ஒட்டியிருந்த எள்ளை எல்லாம் விரலால் சுரண்டி ஒரு டம்ளரில் போட்டு, இது உன்னுடையது, இது மதினியுடையது என்று பிரிக்கத் தெரியாமல் நடுவில் வைத்துவிட்டுப் போனார். கோபப்பட நினைத்தேன். டம்ளரை நான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு வழியாகத் தடைக்காலம் முடிவதற்குக் கொஞ்ச நாள் முன்பு கப்பல் ஊரை விட்டுக் கிளம்பியது. நாங்களும் வேன் பிடித்துப் பின்னால் போனோம். என் ஓரகத்தியும் வந்தாள். முழுகினால் பார்க்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னாள்.

முழுகவில்லை. கிரேன் இறக்கியதும் நிமிர்ந்து நின்றது. பாய் உள்ளே இறங்கிப் பார்த்துவிட்டு நம்ப முடியாமல் வெளியே வந்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை, மரம் ஏற்கெனவே உப்பியிருக்கிறதே, எங்கே ஊறப் போட்டீர்கள் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் தொட்டி நிரப்பிய கதையையும், வெளியே போகாத தண்ணீர் அன்றிலிருந்து அடியில் தேங்கி நிற்பதையும் சொன்னார். பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

"இது ஒடையாம இருந்தது அல்லாவோட வேலை. என்கிட்ட சொன்ன மாதிரி கரையில யார்கிட்டயும் சொல்லிப்புடாதீங்க தம்பி" என்றார்.

அடித்தண்ணீரை வெளியே தள்ளும் பம்பைப் போட்டார்கள். தண்ணீரோடு எள் வந்தது. வந்துகொண்டே இருந்தது. எங்கெங்கோ சந்தில் இறங்கிக் கிடந்தது எல்லாம் வந்தது. குட்டி மீன்கள் கூட்டமாக வந்து கொத்தின. பாதி என்னுடையது என்றாள் என் ஓரகத்தி. இறங்கி எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் மறக்காமல் எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தார். இந்தத் தடவையாவது நசுங்கட்டும் என்று கப்பலுக்கு முன்னால் தண்ணீரில் போட்டார். கப்பல் கிளம்பியது. பழம் ஒதுங்கி வழிவிட்டு, பக்கவாட்டில் ஆடிக்கொண்டே கூடப் போனது. கடைசி வரைக்கும் நசுங்கவில்லை. அவர் ஓட்டுகிற நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ரேடியேட்டரைக் கழற்றிவிட்டார்கள், அதை நாங்கள் வேனில் எடுத்து வந்தோம். இப்போது கோழி அதன் மேல் அடைகிறது.

எள்ளைச் செக்கில் ஆட்டினேன். நல்ல எண்ணெய். செக்குக்காரர் மோந்து பார்த்துவிட்டு, எந்தக் களத்தில் காயவைத்தீர்கள், ஒரு கல் மண் இல்லையே என்று கேட்டார். கப்பலில் என்றேன். பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் விடுங்கள் என்றார்.

இப்போது களத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நடுவில் ஒரு பெரிய பள்ளம், அதிலிருந்து நாலு பக்கமும் வெடிப்பு. மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிறது. சிமெண்ட் போட்டுத் தாருங்கள் என்று சொன்னால், அவர் வாரத்தில் பாதி நாள் கோட்டைப்பட்டினத்தில் இருக்கிறார். டூரிஸ்ட் இதுவரை நாலு குடும்பம் வந்ததாம். அதில் இரண்டு அவர் அத்தை மகன்கள். உளுந்து வந்தபோது பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம் என்று போட்டுக் காயவைத்தேன். என் ஓரகத்தி வந்து பார்த்து, இதில் எள் போட்டால் வெடிப்புதான் தின்னும் என்றாள். அவள் சொன்னது சரி, அதுதான் எனக்கு ஆத்திரம்.

இந்தத் தையிலும் எள் விதைத்திருக்கிறேன். அவளும் விதைத்திருக்கிறாள். போன வாரம் இரண்டு பேரும் பள்ளத்தின் ஓரத்தில் நின்று பேசி முடிவு செய்தோம். எனக்கு முதல் முறை, அவளுக்கு அடுத்த முறை. அவள்தான் போன் போட்டாள், போட்டு என் கையில் கொடுத்தாள்.

கடல் இரைச்சலுக்கு நடுவில் அவர் என்ன விஷயம் என்று கேட்டார். சித்திரைக்குக் கப்பல் வேண்டும் என்றேன்.  இப்போதுதான் மிதக்க ஆரம்பித்திருக்கிறது, டூரிஸ்ட் சீசன், லாரி, கிரேன் என்று என்னென்னவோ சொன்னார். முழுக்கக் கேட்டேன்.

"சித்திரைக்கு அது வந்தாகணும்" என்றேன். "நீங்க வரலேன்னாலும் பரவாயில்ல."